நனைந்தது சுவர், பழுது பாத்தியில்: கல்குளம் வட்டத்து ஓட்டு வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓட்டு வீட்டு இறவாரத்தில், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரத்தில், மழைத்தண்ணீரைப் பிடித்து இறக்கும் தகரத்தையோ பி.வி.சி. கால்வாயையோ பாத்தி என்போம். அப்படி ஒரு பாத்தி மூன்று வருடம் ஒரு சுவரைக் கெடுத்ததையும், அதைக் கண்டுபிடிக்க ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன். நான் கட்டட மேற்பார்வை வேலை செய்பவன். வீட்டுக்காரர்கள் தூரத்து உறவு. ஊரும் பேரும் தேவையில்லை என்று கேட்டுக்கொண்டார்கள்.

பின்னணி

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, மேற்குப் பார்த்த வீடு. 1960களில் கட்டியது. கருங்கல் அடித்தளம், அதன்மேல் செம்மண் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர், ஓட்டைத் தாங்கும் சரிவுக் கட்டைகளான அயினிமரக் கழுக்கோல், மங்களூர் ஓடு. பிற்பாடு வடக்கு முனையில் ஓர் அறையை மேற்காக நீட்டிக் கட்டி, அதற்கும் ஓட்டுக்கூரை போட்டிருந்தார்கள். பழைய கூரையும் புதுக்கூரையும் சந்திக்கும் இடத்தில் ஒரு கூடல்வாய். இரண்டு சரிவின் தண்ணீரும் அதன் வழியாகத்தான் இறங்கும். உள்மூலையில், கூடல்வாய்க்கு நேர் கீழே உள்ள அறையில்தான் வீட்டின் மூத்தவரான அத்தை படுப்பார். மகன் வளைகுடாவில். வீட்டில் அத்தையும் மருமகளும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும்.

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் நனையத் தொடங்கும் சுவர் டிசம்பர் வரை முழுதாகக் காய்ந்து முடிப்பதில்லை. அதிலும் மேற்குப் பார்த்த சுவருக்குத் தென்மேற்குக் காற்றோடு வரும் மழை நேராக முகத்தில் அடிக்கும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது முற்றத்துப் பலாவின் பெரிய கிளை ஒன்று முறிந்து மேற்கு இறவாரத்தில் விழுந்தது. ஓடுகள் நொறுங்கின, ஏழெட்டுக் கழுக்கோல் முனைகள் முறிந்தன. அந்தச் சமயம் மாவட்டத்தில் ஓடும் கிடைக்கவில்லை, ஆசாரியும் கிடைக்கவில்லை. 2018 தொடக்கத்தில் வேலைக்கு வந்தவர்கள் ஒரு சுலபமான வழி சொன்னார்கள். முறிந்த முனைகளோடு மற்றவற்றையும் ஒரே கோட்டில் வெட்டிவிடலாம், கடைசி வரிசை ஓட்டைக் குறைத்துவிடலாம், வெட்டிய முனைகளை மறைத்து ஒரு முகப்புப் பலகை அடித்து அதில் பி.வி.சி. பாத்தி மாட்டிவிடலாம். பார்க்கவும் அழகு, தண்ணீரும் குழாய் வழியாகப் போய்விடும்.

அப்படியே செய்தார்கள். சுவரிலிருந்து ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருந்த இறவாரம் 33 சென்டிமீட்டராகச் சுருங்கியது. ஒரே ஒரு வரிசை ஓடுதான் போனது. அன்று யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்த ஒரு வரிசைதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் மூன்று வருடம்

2019 ஜூலையில் அத்தையின் அறையில், மேற்குச் சுவரின் உட்பக்கம் பெயிண்ட் கொப்புளித்தது. விரலால் அழுத்தினால் உள்ளே மாவு மாதிரி உப்பு. பெயிண்டர் வந்து, "தரையிலேருந்து ஓதம் ஏறுது" என்று சொல்லி, சுரண்டி, தண்ணீர் புகாத பூச்சு ஒன்று அடித்து, மேலே வண்ணம் பூசிப்போனார். 18,000 ரூபாய். அடுத்த மழையில் அந்தப் பூச்சு தோசை மாதிரி முழுத்துண்டாகக் கழன்று வந்தது. நனைந்த சுவரை மூடிப் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சைத்தான் தள்ளும். செம்மண் சாந்துச் சுவரில் இது இன்னும் மோசம்.

2020இல் ஓட்டுக்காரரைக் கூப்பிட்டு உடைந்த ஓடுகளை மாற்றினார்கள், மற்றவற்றைத் திருப்பிப் போட்டார்கள். ஒரு மாற்றமும் இல்லை. அதே வருடம் மறுபடி பெயிண்ட்.

2021 நவம்பர் இரண்டாம் வாரம் மாவட்டம் முழுக்கக் கனமழை. குளங்கள் உடைந்தன, ரயில் பாதையில் மண் சரிந்தது. அந்த மழை விட்ட நாலாம் நாள் டெங்கு கொசுப்புழு பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் ஒருவர், தொட்டி, டயர், சிரட்டை எல்லாம் பார்த்துவிட்டு, மேலே நிமிர்ந்து பார்த்து ஏணி கேட்டாராம். "சுவத்துலதானே ஈரம், ஏணி எதுக்கு?" என்று அத்தை கேட்டிருக்கிறார். ஏறிப் பார்த்தால் பாத்தியின் நடுவில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதில் புழு.

மழை விட்டு நாலு நாள் கழித்தும் பாத்தியில் தண்ணீர் நிற்கிறது என்றால் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, தவறு. இதை முதலில் கண்டவர் சுகாதாரப் பணியாளரான அந்தப் பெண்தான். மருமகள் எனக்குப் போன் செய்தது அதற்கு அப்புறம்.

மழையில் நின்று பார்த்தது

வெயில் நாளில் வருகிறேன் என்று சொல்லவில்லை. அடுத்த மழைக்கு அழையுங்கள் என்றேன். ஐந்தாம் நாள் மாலை நல்ல மழை. குடையோடு முற்றத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன்.

முதலில் கவனித்தது சுவரில் ஈரம் இருந்த உயரம். ஓதம் என்றால் கீழிருந்து ஏற வேண்டும். ஓடு ஒழுகினால் மேலிருந்து வழிய வேண்டும். இங்கே இறவாரத்துக்குக் கீழே ஓரடி காய்ந்திருந்தது. அடித்தளக் கருங்கல்லிலும் சேறு தெறித்ததைத் தவிர வேறு ஒன்றுமில்லை. நடுவில், தரையிலிருந்து மூன்றடி முதல் ஐந்தடி வரை, ஒரு பட்டை மட்டும் கறுத்துக் கிடந்தது. நடுவில் நனைகிற சுவருக்குத் தண்ணீர் பெரும்பாலும் வெளியிலிருந்து காற்றோடுதான் வரும்.

எங்கிருந்து என்று பார்க்க நேரமாகவில்லை. பாத்தியின் நடுப்பகுதியில் தண்ணீர் முன் விளிம்பைத் தாண்டவே இல்லை. பாத்திக்கும் பலகைக்கும் இடையில், பின்பக்கமாக, திரைச்சீலை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்து ஓரடி தூரத்தில் விழும் அந்தத் திரையைக் காற்று ஒவ்வொரு முறையும் சுவரில் சாய்த்தது. வெளியே நின்று பார்ப்பவருக்குப் பாத்தி ஒழுங்காக வேலை செய்வது போலவே தெரியும். வீட்டுக்காரர்கள் இத்தனை நாள் கவனிக்காததில் வியப்பில்லை.

உள்மூலையில் நடந்தது வேறு. கூடல்வாயில் வேகம் பிடித்து வந்த தண்ணீர் பாத்தியில் விழாமல் அதைத் தாண்டி எகிறியது. தரையில் அது விழுந்த இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி. அங்கிருந்து தெறித்த செம்மண்தான் கருங்கல்லில் இருந்த சேறு. தெற்கு முனையில் இறக்குக் குழாய் சுவரடியிலேயே முடிந்ததால் அங்கே மண் உள்வாங்கி, மூலையில் பூச்சில் ஒரு சாய்ந்த வெடிப்பு விழுந்திருந்தது. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். அஸ்திவாரம் போய்விட்டதோ என்று மருமகளுக்குப் பயம். வளர்கிறதா என்று மூன்று மாதம் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்றேன்.

காய்ந்த நாளில் ஏறிப் பார்த்தது

பாத்தியின் உட்புறம் ஒரு கறைக்கோடு இருந்தது. தண்ணீர் நின்று நின்று வற்றிய உயரத்தை அந்தக் கோடே சொன்னது. முனைகளில் கோடே இல்லை, நடுவில் ஆறு சென்டிமீட்டர். அதாவது 11 மீட்டர் நீளப் பாத்தி நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மட்டக்குழாய் பிடித்துப் பார்த்ததில் குழாய் வாய் இருந்த தெற்கு முனை, நடுவைவிட உயரத்தில் இருந்தது.

இருபது லிட்டர் தண்ணீரை வடக்கு முனையில் ஊற்றச் சொன்னேன். குழாயில் முதல் சொட்டு வரவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பாதிக்கு மேல் பாத்தியிலேயே தங்கிவிட்டது.

ஏன் தொங்கியது என்பதற்கு மூன்று காரணம் கிடைத்தது. பாத்தியைத் தாங்கும் கொக்கிகள் மூன்றரை அடிக்கு ஒன்றாக இருந்தன. ஈர இலை நிரம்பிய பாத்திக்கு அது போதாது. அடுத்து, கொக்கி அடித்திருந்த முகப்புப் பலகை ஏதோ மலிவு மரம். ஸ்குரூ டிரைவரை அழுத்தியதும் ஓர் அங்குலம் வெண்ணெயில் இறங்கினது போல இறங்கியது. ஒரு கொக்கியைக் கையாலேயே பிடுங்க முடிந்தது. மூன்றாவது, 11 மீட்டரையும் பசை போட்டு ஒரே துண்டாக ஒட்டி, இரு முனையையும் இறுக்கியிருந்தார்கள். பி.வி.சி. சூட்டில் நன்றாக நீளும். மீட்டருக்கு, பத்து டிகிரிக்கு, ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். மார்ச் வெயிலில் 30 டிகிரி ஏறினால் 11 மீட்டருக்கு 23 மில்லிமீட்டர். நீள இடமில்லாத பாத்தி வளையும், இல்லாவிட்டால் ஒட்டு விடும். இங்கே இரண்டும் நடந்திருந்தது.

பின்பக்கமாக ஏன் வழிந்தது என்பது கடைசியில்தான் புரிந்தது. கழுக்கோல் முனைகளைச் சரிவுக்குச் செங்குத்தாக வெட்டியிருந்ததால் முகப்புப் பலகை நேராக நிற்காமல் தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு கொக்கிக்கும் கீழே ஒரு மரத்துண்டு வைத்து அடித்திருக்கிறார்கள். நடுவில் இரண்டு இடத்தில் துண்டு தடிமனாகிவிட்டது. அதனால் பாத்தியின் முன் விளிம்பு உயர்ந்து, பின் விளிம்பு தாழ்ந்துவிட்டது. கட்டைவிரல் அகல மரத்துண்டு இரண்டு. நிரம்பியதும் தண்ணீர் தாழ்ந்த பக்கம்தானே போகும்.

குழாய் வாயில் ஒரே ஒரு பலா இலை, தட்டு வைத்து மூடினது போல் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே குழாயின் முதல் வளைவில் ரப்பர் இலைக் காம்புகள் பின்னிக்கொண்டு ஒரு பந்து. இறக்குக் குழாய் மொத்தமே ஒன்றுதான், 75 மில்லிமீட்டர்.

அது எவ்வளவு தண்ணீருக்கு? மேற்குச் சரிவு 11 மீட்டருக்கு 4.2 மீட்டர், 46 சதுர மீட்டர். நீட்டிக் கட்டிய அறையிலிருந்து இன்னொரு 20. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும்போது 66 சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 66 லிட்டர், கிட்டத்தட்ட நாலரைக் குடம். அத்தனையும் 11 மீட்டர் நடந்து, மேட்டில் ஏறி, அந்த ஒரே வாய்க்குப் போக வேண்டும்.

என்னுடைய தவறு

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மழையில் பார்த்த பிறகும் எனக்குக் கூடல்வாய்த் தகட்டின்மேல் சந்தேகம். பழைய ஓட்டு வீடுகளில் அந்தத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுவது சகஜம். இரண்டு ஆளை வைத்து நாற்பது ஓட்டைக் கழற்றிப் பார்த்தேன். தகடு நன்றாக இருந்தது. இரண்டு நாள் கூலி வீண், கழற்றும்போது உடைந்த ஆறு ஓடு தனி. போதாததற்கு ஏணியைப் பாத்தியிலேயே சாத்தி அதன் விளிம்பை நானே நெளித்தேன். ஏணியை எப்போதும் கழுக்கோல் உள்ள இடத்தில், ஒரு குறுக்குக் கட்டை கட்டித்தான் சாத்த வேண்டும். தெரிந்த விஷயம்தான்.

கழற்றியதில் ஒரு லாபம் உண்டு. 14 கழுக்கோல் முனைகளில் ஐந்து மெத்துப்போனது தெரிந்தது, இரண்டில் கரையான் மண் ஏறியிருந்தது.

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னார்: "எனக்க காலத்துல இந்தப் பாத்தியும் கெடையாது, இந்த ஈரமும் கெடையாது மக்கா. தண்ணி அந்தா அந்தக் கல்லுல விழும்." அவர் காட்டிய இடத்தில், மண்ணுக்கு அடியில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு வரிசைக் கருங்கல் பலகை புதைந்து கிடந்தது. இறவாரத் தண்ணீர் விழுவதற்கென்றே போட்டது. பாத்தி மாட்டியபிறகு யாரும் கவனிக்காமல் மண் மூடிவிட்டது. இறவாரம் எவ்வளவு நீண்டிருந்தது என்பதை அந்தக் கல்லிலிருந்து அளந்துதான் தெரிந்துகொண்டேன். மூன்று வருடத்தில் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை, நானும்தான்.

எடுத்த முடிவுகள்

நவம்பரில் கூரையைப் பிரிக்க முடியாது. ஆனால் பாத்தியை அப்படியே விட்டால் டிசம்பர் வரை சுவர் குடித்துக்கொண்டே இருக்கும். நடுப்பகுதி நாலு மீட்டரைக் கழற்றிவிடலாம், கடைசி வரிசை ஓட்டுக்கு அடியில் தகடு செருகி இரண்டடி வெளியே நீட்டிக் கட்டலாம் என்றேன். தண்ணீர் தகட்டில் வழிந்து பழைய கல் வரிசைக்கு அப்பால் போய் விழும்.

மகன் போனில் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, இருக்கிறதையும் கழட்டினா மழை நேரா சுவத்துலதானே அடிக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. மருமகள் மழையில் பின்பக்க வழிசலைப் படம் பிடித்து அனுப்பியபின்தான் சரி என்றார். தகடும் கம்பியும் 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் டிசம்பர் மழையில் சுவரின் கறுப்புப் பட்டை முதல் தடவையாக வளரவில்லை.

நிரந்தர வேலையைப் பிப்ரவரிக்குத் தள்ளினோம். ரப்பர் டிசம்பரிலிருந்தே இலை கொட்டத் தொடங்கும். அது கொட்டி முடிந்து, கோடை மழைக்கு முன்னால் கிடைக்கும் காய்ந்த வாரங்கள் அவை. அப்போது என்ன செய்வது என்பதில் மூன்று யோசனை இருந்தது.

இருக்கிற பாத்தியையே வாட்டம் பார்த்து மறுபடி மாட்டுவது மலிவு. ஆனால் பலகை போய்விட்டது, ஒரே வாய் போதாது, இறவாரம் குட்டை. அடுத்த தடவை அடைத்தாலும் தண்ணீர் சுவருக்குத்தான் வரும். பாத்தியே வேண்டாம் என்பது அத்தையின் கட்சி. எனக்கும் அதில் பாதி உடன்பாடு. பின்பக்கமான கிழக்குச் சரிவுக்கு அதைத்தான் செய்தோம். அங்கே ஆள் நடமாட்டம் இல்லை, இறவாரம் பழைய நீளம், பாத்தியும் கிடையாது. கீழே ஒன்றரை இஞ்சு ஜல்லி மட்டும் போட்டோம். முன்பக்கம் வாசல், பிள்ளைகள் ஓடும் இடம், பக்கத்திலேயே கிணறு. கூரைத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் திருப்ப மகனுக்கு ஆசை. அதனால் முன்பக்கத்துக்கு இறவாரமும் வேண்டும், பாத்தியும் வேண்டும் என்று முடிவானது.

மெத்துப்போன முனைகளை வெட்டியெடுத்து எல்லாக் கழுக்கோலுக்கும் பக்கவாட்டில் அயினிக் கட்டை சேர்த்து, போல்ட் போட்டு, ஒரு வரிசை ஓட்டைத் திருப்பிக் கொடுத்தோம். இறவாரம் பழையபடி இரண்டடிக்கு மேல் வந்தது. ஆசாரிக்கு இதுதான் பெரிய வேலை, எட்டு நாள்.

புதுப் பாத்தி நாகமுலாம் தகட்டில் மடித்தது, பெட்டி வடிவம், 15 சென்டிமீட்டர் அகலம். பின் விளிம்பைவிட முன் விளிம்பை இரண்டு சென்டிமீட்டர் தாழ்த்தி மடிக்கச் சொன்னேன். மடிப்பவர் இரண்டு முறை கேட்டார், அளவு தவறிவிட்டதோ என்று. அடைத்தாலும் நிரம்பினாலும் தண்ணீர் முன்பக்கமாக, வெளியே போய் விழட்டும் என்பதுதான் காரணம். நடுவை மேடாக்கி இரு பக்கமும் வாட்டம், இரண்டு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம். இரு முனையிலும் 110 மில்லிமீட்டர் குழாய். வடக்குக் குழாயின் வாய் கூடல்வாய்க்கு நேர் கீழே. கொக்கிகள் இரண்டடிக்கு ஒன்று, பலகையில் அடிக்காமல் நேரே கழுக்கோலின் பக்கத்தில். முகப்புப் பலகையை அறவே விட்டுவிட்டோம்.

பாத்தி முழுவதும் வலை போட்டு மூடலாமா என்ற பேச்சு வந்தது. வேண்டாம் என்றேன். ரப்பர் இலை நனைந்தால் வலைமேல் பாய் மாதிரி படியும், தண்ணீர் அதன்மேல் வழுக்கி வெளியே போய்விடும். வலை போட்டாச்சு என்று யாரும் ஏறியும் பார்க்க மாட்டார்கள். குழாய் வாய்களில் மட்டும் கம்பிப் பந்து வைத்தோம். தரையில் குழாயின் முதல் வளைவில் திறந்து கை விடக்கூடிய மூடி.

சுவரில் நெஞ்சுயரத்துக்கு சிமென்ட் பூச்சைத் தட்டியெடுத்துவிட்டு அப்படியே விட்டோம். மகன் ஏப்ரலில் லீவுக்கு வருவதற்குள் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று மருமகளுக்கு அவசரம். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். இரண்டாம் நாள் தாளின் உட்பக்கம் முத்து முத்தாக வியர்வை. இது வராமல் போகும்வரை பூசக் கூடாது என்றேன். மார்ச்சிலும் வந்தது, ஏப்ரல் கடைசியில் கொஞ்சம். மே நடுவில்தான் தாள் காய்ந்து கிடந்தது. மகன் செங்கல் தெரியும் சுவரைப் பார்த்துவிட்டே திரும்பிப் போனார். மே கடைசியில் சுண்ணாம்புப் பூச்சு பூசினோம்.

மொத்தச் செலவு 74,000. அதில் பாத்தி மட்டும் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு வரும்.

அதற்குப் பிறகு

2022 ஜூன் முதல் வாரத்திலேயே ஒரு குறை தெரிந்தது. கூடல்வாய்த் தண்ணீர் கனமழையில் இன்னும் பாத்தியைத் தாண்டி எகிறியது. மூலையின் இரு பக்கமும் இரண்டடி நீளத்துக்குப் பாத்தியின் முன் விளிம்பில் ஒரு சாண் உயரத் தடுப்புத் தகடு பொருத்தினோம். முன் விளிம்பைத் தாழ்த்தியதே மூலையில் எதிராக வேலை செய்தது. பட்டறையிலேயே யோசித்திருக்க வேண்டியது.

தெற்கு மூலை வெடிப்பு பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. குழாயை ஆறடி தள்ளிக் கிணற்றுப் பக்கம் விட்டபிறகு மண் மேலும் உள்வாங்கவில்லை. அஸ்திவாரத்தில் கை வைக்கவே தேவைப்படவில்லை.

2023 ஜூலையில் மருமகள் போன் செய்தார்: முன்பக்கம் தண்ணீர் கொட்டுகிறது. அந்த வருடம் பிப்ரவரியில் பாத்தி கழுவ ஆள் வரவில்லை, அத்தைக்கும் உடம்பு சரியில்லாமல் இருந்ததால் மறந்துபோனது. தெற்குக் கம்பிப் பந்தில் மைனாக் கூட்டின் வைக்கோல் சிக்கியிருந்தது. வழிந்த தண்ணீர் முழுக்க முன் விளிம்பு வழியாகக் கல் வரிசையில் விழுந்தது. சுவர் காய்ந்திருந்தது. இந்தப் பாத்தி வேலையில் எனக்கு நிறைவு தந்தது அந்த அடைப்புதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கம் அந்த அளவு இல்லை என்றாலும் விடாமல் கொட்டியது. அன்று பாத்தி பலமுறை நிரம்பி வழிந்ததாக மருமகள் சொன்னார். 20ஆம் தேதி போய்ப் பாலித்தீன் தாளை மறுபடி ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துத் தாளில் ஒன்றுமில்லை.

இப்போது செய்வதானால்

முதல் போனிலேயே ஈரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்டு, சுவரைக் கீழிருந்து மேல்வரை ஒரே படமாக அனுப்பச் சொல்வேன். கூடல்வாய் ஓட்டைக் கழற்றும் முன் ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, உள்ளே இருந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். பத்து நிமிட வேலை. பட்டறையில் அளவு கொடுக்கும்போதே மூலைத் தடுப்பையும் சேர்த்துக் கொடுப்பேன்.

பாத்தி கழுவும் நாளை ஆள் கையில் விட்டதும் தவறு. இப்போது வருடத்துக்கு இரண்டு முறை: மார்ச்சில் ரப்பர் இலை கொட்டி முடிந்ததும், செப்டம்பர் கடைசியில் வடகிழக்குக்கு முன்பும். மருமகள் அடுக்களைக் காலண்டரில் இரண்டு தேதியையும் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். கழுவியபின் நடு மேட்டுக்கு வடக்கே ஒரு குடம், தெற்கே ஒரு குடம் ஊற்றி, பாத்தியில் எதுவும் மிச்சம் நிற்காமல் வடிகிறதா என்று பார்ப்பார்கள்.

வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி. கிழக்குப் பக்கத்து ஜல்லியில் இலையும் மண்ணும் படிந்து புல் முளைத்துவிட்டது. அதை வாரிச் சலித்துப் போட வேண்டும். போன மாதம் போனபோது அத்தை திண்ணையில் இருந்தபடியே அந்தக் கல் வரிசையைப் பெருக்க வைத்துக்கொண்டிருந்தார்.